அஞ்சடியில் இருபத்தெட்டுக் காலைகள்

சிங்கப்பூரில் நான் இருந்தது இருபத்தெட்டு நாள். எடுத்த படங்கள் இருபத்தெட்டு. நாளுக்கு ஒன்று, காலை எட்டரை மணிக்கு, ஒரே இடத்திலிருந்து என்பது திட்டம். மங்கலாக வந்தாலும் அழிப்பதில்லை, திரும்ப எடுப்பதும் இல்லை. மூன்றாம் நாள் படத்தில் சாலையில் போன ஒரு தள்ளுவண்டியின் பாதி ஓரத்தில் வந்துவிட்டது. அதுவும் வரிசையில் உண்டு.

இது வேலையிலிருந்து வந்த பழக்கம். நாகப்பட்டினத்தில் வானிலை நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக மழைமானி பார்த்து எழுதுகிறேன். எட்டரைக்குப் பார்த்த அளவை எட்டரைக்கே எழுத வேண்டும். ஒரு நாள் பார்க்கத் தவறினால் அந்தக் கட்டத்தில் கோடு போடலாம். நேற்றையதையும் நாளையதையும் வைத்து ஊகித்து நிரப்பக்கூடாது. ஊரை விட்டு வந்து ஒரு மாதம் இருக்கும்போது எட்டரை மணிக்குக் கை சும்மா இருக்க மறுத்தது. அதனால் கேமரா.

வந்த காரணம் வேறு. தங்கை வசந்தாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. அவள் வீடு புக்கிட் பாஞ்சாங்கில், பதினோராம் மாடி. கணவருக்கு இரவுப் பணி, காலை ஏழு மணிக்கு வீடு திரும்பிவிடுவார். அவர் வந்ததும் எனக்கு மூன்று நான்கு மணி நேரம் ஓய்வு. "போய் ஏதாவது பார்த்துட்டு வாயேன். என் முழங்காலையே பார்த்துக்கிட்டு எவ்ளோ நேரம் உக்காந்திருப்பே?" என்றாள். அவள் இருபது வருடமாக இங்கே இருக்கிறாள். பேசும் தமிழ் மாறவில்லை, வேகம் மட்டும் கூடியிருக்கிறது.

முதல் நாள் காலையிலேயே தவறு நடந்தது. வீட்டுக்குப் பக்கத்து நிலையத்திலிருந்து பெரிய ரயிலைப் பிடிக்க, ஓட்டுநர் இல்லாத ஒரு சிறிய ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம் போக வேண்டும். அந்த ரயில் பேட்டையை வட்டமாகச் சுற்றுவது, இரண்டு திசையிலும். நான் எதிர்த் திசையில் ஏறிவிட்டேன். ஒரு நிறுத்தம் ஏழு நிறுத்தமானது. நஷ்டம் ஒன்றுமில்லை. வட்டம் ஆதலால் எப்படியும் வந்து சேர்ந்துவிடலாம். அடுக்குமாடி வீடுகளுக்கு மிக அருகில் போகும்போது பெட்டியின் சன்னல் கண்ணாடி தானாகவே பால்போல் வெளுத்துவிடுகிறது. வீடு கடந்ததும் தெளிகிறது. பக்கத்தில் நின்ற பெண்மணியிடம் பழுதா என்று கேட்டேன். "இல்ல ஆன்ட்டி. அவங்க வீட்டை நாம பார்க்கக்கூடாதுன்னு" என்றார். எங்கள் ஊர்ப் பேருந்தில் போனால் கடைத்தெரு மாடிகளில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது வரை தெரியும். யாரும் வருத்தப்பட்டதில்லை.

நான் தேர்ந்துகொண்ட இடம் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெரு. பெயரை எழுதவில்லை, பின்னால் வரும் விவகாரத்தை உத்தேசித்து. ஒரு காலத்தில் இந்த வட்டாரம் மாட்டுக் கொட்டகைகளாக இருந்தது. இப்போது வரிசையாகப் பழைய கடைவீடுகள், முன்புறம் தூண்கள். தூண்களுக்கும் கடைகளுக்கும் நடுவே கூரை போட்ட நடைபாதை. வெள்ளைக்காரர் காலத்தில் ஐந்தடி அகலம் விட வேண்டும் என்று விதி வைத்தார்களாம். இங்குள்ள தமிழர்கள் அதை அஞ்சடி என்றே சொல்கிறார்கள். அஞ்சடியின் தரையில், கடை ஓரமாக, ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு உள்ளே கடைக்காரர் பொருள் வைக்கலாம். கோட்டுக்கு வெளியே நடப்பவர்களுக்கு.

தெருவின் மூன்றாம் தூணுக்கு அருகே மடக்கு முக்காலியை விரித்து, அதன்மேல் கேமராவைப் பொருத்தி, அஞ்சடி நெடுகப் பார்த்து எடுப்பேன். எட்டு இருபதுக்குப் போய்விடுவேன். எட்டரை வரை குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருப்பேன்: வெயிலா மேகமா, எந்தக் கடை திறந்திருக்கிறது, யார் போகிறார்கள்.

படத்தின் இடது பாதி முழுக்க ஒரு பூக்கடை. நடத்துபவர் லெட்சுமி, வயது ஐம்பத்து நான்கு, சிங்கப்பூரில் பிறந்தவர். தமிழ்நாட்டுக்கு இரண்டு முறை வந்திருக்கிறார், இரண்டு முறையும் வயிற்றுப்போக்கு. இரண்டாம் நாளே பேச ஆரம்பித்துவிட்டார்.

"எந்த ஊரு அக்கா?"

"நாகப்பட்டினம்."

"இந்த மல்லிகையும் அந்தப் பக்கம்தான். பிளேன்ல வருது. உங்களுக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கு, பாருங்க."

கடை என்றால் உள்ளே ஒருவர் நிற்கும் அளவு. சரம், மாலை, துளசி, வெற்றிலை, செவ்வந்தியும் ஆர்க்கிட்டும் நிறைந்த வாளிகள் எல்லாம் வெளியே, சுவருக்கும் மஞ்சள் கோட்டுக்கும் நடுவே உள்ள பட்டையில்தான் இருந்தன. அதற்கு ஓர் அனுமதிச் சீட்டு உண்டு, ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். சட்டம் போட்டு மாட்டியிருந்தார், சாமி படத்துக்கு அடுத்தபடியாக.

நாட்கள் ஒழுங்காகப் போயின. படம் முடிந்ததும் அருகிலுள்ள தேக்கா சந்தையின் உணவுக் கடைகளில் காலை உணவு. தோசையைத் தோசை என்றே கேட்கலாம். காபி கேட்பதுதான் சிரமம். பாலா, டின் பாலா, சர்க்கரை உண்டா, கெட்டியா என்பதற்கெல்லாம் தனித்தனிச் சொல். நான்காம் நாள் பாலும் சர்க்கரையும் இல்லாத கருங்காபி வந்தது. திருப்பிக் கொடுக்காமல் குடித்தேன். ஆறாம் நாள்தான் சரியாகக் கேட்கக் கற்றேன். காலியான மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் இருந்தால் அந்த மேசை காலியில்லை என்பதையும் அன்றுதான் கற்றேன், உட்கார்ந்த பிறகு.

பிற்பகல்களில் வசந்தா தூங்கும்போது வேறு இடங்களுக்குப் போய் வந்தேன். டோபி காட் ரயில் நிலையத்தில் இறங்கி, தைப்பூசக் காவடிகள் வந்து முடியும் டேங்க் ரோடு கோயில் வரை நடந்தேன். திருவிழா இல்லாத நாளில் அந்தச் சாலை வெறும் சாலை. ஒருவர் இலைகளை ஊதித் தள்ளும் இயந்திரத்தால் நடைபாதையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். இலைகள் எதிர்ப்பக்கம் போய் விழுந்தன. எதிர்ப்பக்கத்தில் இன்னொருவர் அதே இயந்திரத்துடன் நின்றார்.

பதினேழாம் நாள் நான் போனபோது லெட்சுமி பூக்கட்டவில்லை. கையில் ஒரு கடிதம். நான் முக்காலியை விரிப்பதற்குள் நீட்டினார்.

ஆங்கிலக் கடிதம். சாரம் இதுதான்: இந்தக் கடையின் முன் நடைபாதை தினமும் காலையில் அடைபட்டிருப்பதாகப் பொதுமக்களில் ஒருவர் எழுதியிருக்கிறார். பொருள்களைக் கோட்டுக்கு வெளியே வைத்ததற்காக இந்தக் கடைக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஏழு நாளுக்குள் விளக்கம் தராவிட்டால், அல்லது தரும் விளக்கம் போதாவிட்டால், வெளியே பொருள் வைக்கும் அனுமதி ரத்தாகும்.

"முன்னாடி ரெண்டு வார்னிங் உண்மைதானா?" என்று கேட்டேன்.

"உண்மைதான். தீபாவளி டைம்ல. எல்லாரும் வச்சாங்க, நானும் வச்சேன். அதுக்கப்புறம் ஒரு இலைகூட வெளியில வைக்கல அக்கா. பெர்மிட் போச்சுன்னா நான் எங்க போறது? உள்ள நான் நிக்கலாம், பூ எங்க நிக்கும்?" என் கேமராவைப் பார்த்தார். "உங்க படம் எல்லாத்துலயும் மஞ்சக் கோடு தெரியும்ல?"

"தெரியும்."

"தேதி?"

"அதுவும் படத்திலேயே பதிந்திருக்கும்."

"அப்ப நான் தப்பிச்சேன் லா" என்று சிங்கப்பூர்ப் பாணியில் முடித்துப் பூக்கட்ட உட்கார்ந்தார்.

அன்று பிற்பகல் பதினேழு படங்களையும் அச்சுப் போட்டு வந்து வசந்தாவின் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தேன். பதினாறு படங்களில் வாளிகள் கோட்டுக்கு உள்ளே, நடைபாதை காலி. ஒன்பதாம் நாள் படத்தில் மட்டும் இரண்டு செவ்வந்தி வாளிகள் கோட்டைத் தாண்டி நடைபாதையின் நடுவில் இருந்தன. அவற்றுக்கு இந்தப் பக்கம் மின்சாரச் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவரின் முதுகு. தூண்களுக்கு இடையே உள்ள சரிவு வழியாக மழை பெய்துகொண்டிருக்கும் சாலையில் இறங்கிக்கொண்டிருந்தார்.

என் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு எழுதியிருந்தது: "மழை. சாரல் மேற்கிலிருந்து. சக்கர நாற்காலியில் ஒருவர் சாலையில் இறங்குகிறார்." ஏன் இறங்குகிறார் என்று எழுதவில்லை.

மறுநாள் லெட்சுமியிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார்.

"இத மட்டும் விட்டுடுங்க அக்கா. பதினாறு போதும்."

"எண் போட்டிருக்கிறேன். எட்டுக்கு அப்புறம் பத்து வந்தால் கேட்பார்கள்."

"எண்ண மாத்திப் போட்டா?"

"தேதி இருக்கிறதே. அதோடு, என்னால் அது முடியாது."

"முடியாதுன்னா?"

"இருபத்தாறு வருஷமா செஞ்சதில்லை."

அவர் சத்தம் போடவில்லை. நாரில் இரண்டு மொட்டு வைத்து முடிச்சிட்டார், அடுத்த இரண்டு, அடுத்த இரண்டு. "நீங்க பத்து நாள்ல பிளேன் ஏறிடுவீங்க" என்றார். "உங்க நோட்டு சுத்தமா இருக்கும். நான் இங்கதான் நிக்கணும்."

எட்டரை ஆகிவிட்டிருந்தது. அன்றைய படத்தை எடுத்தேன். பதினெட்டாம் படத்தில் அவர் முகம் திரும்பியிருக்கிறது.

வசந்தாவிடம் சொன்னேன். "நீ ஊர் பார்க்க வந்தியா, சாட்சி சொல்ல வந்தியா? பேசாம எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஊருக்குப் போயிடு. ஒண்ணும் குடுக்காதே, பொய்யும் இல்ல மெய்யும் இல்ல" என்றாள். அதுவும் ஒரு வழிதான். கோடு போட்டுவிடுவது போல. ஆனால் பார்க்காத நாளுக்குத்தான் கோடு. நான் பார்த்திருக்கிறேன்.

பத்தொன்பதாம் நாள் சைனாடவுனுக்குப் போனேன். சீனக் கடைகளின் நடுவே சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில். சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் இதுதான் என்கிறார்கள். கோபுரத்தின் முன் சுற்றுலாப் பயணிகள் இருவர் இருவராகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எடுக்க, மற்றவர் நிற்க, பிறகு இடம் மாற்றிக்கொள்ள. ஒரு கொரியத் தம்பதி என்னிடம் கைப்பேசியைக் கொடுத்து இருவரையும் சேர்த்து எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். அந்தப் பெண் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல, கணவர் சிரித்து மொழிபெயர்த்தார். "கோபுரம் சாய்ந்திருக்கிறதாம். நீங்கள் எங்கே நின்று எடுத்தீர்கள் என்று கேட்கிறாள்."

இரண்டு அடி தள்ளி நின்று மறுபடி எடுத்துக் கொடுத்தேன். பிறகு கோயிலுக்குள் போகாமல், வெளித் திண்டில் உட்கார்ந்து பையிலிருந்த அச்சுப் படங்களை எடுத்தேன். மற்றப் படங்களில் வலது ஓரம் முழுக்க மூன்றாம் தூண் தடிமனாக நிற்கிறது. ஒன்பதாம் நாள் படத்தில் அது வலக்கோடியில் கயிறுபோல் மெலிந்திருக்கிறது. கேமரா அன்று கடைப்பக்கமாக நகர்ந்திருக்கிறது, குறைந்தது மூன்று அடி. அதாவது மஞ்சள் கோட்டுக்கு உள்ளே. மற்ற எல்லாப் படங்களிலும் அந்த இடத்தில் இருப்பவை அந்த இரண்டு செவ்வந்தி வாளிகள்.

அப்போதுதான் நினைவு வந்தது. சாரல் தூண்வரை அடித்துக் கேமரா நனைந்தது. லெட்சுமி "இப்படி உள்ள வாங்க அக்கா" என்று இரண்டு வாளிகளையும் காலால் வெளியே தள்ளி, முக்காலி வைக்க இடம் செய்து கொடுத்தார். நான் நன்றி சொன்னேன். நன்றி சொன்னதைக்கூடக் குறிப்பேட்டில் எழுதவில்லை. காற்றின் திசையை எழுதியிருந்தேன்.

இருபதாம் நாள் காலை இதை அவரிடம் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

"எப்போதிலிருந்து?"

"நீங்க படத்தக் காட்டுனப்பவே."

"அப்போதே சொல்லியிருக்கலாமே."

"என்னான்னு சொல்றது? தள்ளுனது நான். நீங்களா தள்ளச் சொன்னீங்க? ஒருத்தவங்க நனையிறத பாத்துட்டு சும்மா உக்கார முடியுமா? அதப் போயி உங்க தலையில கட்டவா?" பூவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "அப்பவும் ஒரு படம் வெளியிலதான் காட்டும். அவங்களுக்குக் காரணமெல்லாம் வேணாம் அக்கா, கோடுதான் வேணும்."

நாற்காலியில் வந்தவர் யார் என்று கேட்டேன். கோவிந்தராஜு என்று சொன்னார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர், பின்னால் உள்ள அடுக்குமாடி பிளாக்கில் தனியாக இருக்கிறார், தேக்காவில் காலைத் தேநீர் குடிக்கத் தினமும் இந்த வழியாகத்தான் போவார். "அங்கிள்தான் எழுதியிருப்பாரு. ஆனா நான் கேக்க மாட்டேன். கேட்டா ஆமான்னு சொல்லிடுவாரு."

கேட்டேன். ஆமாம் என்று சொன்னார். தேக்காவில், நாற்காலியை மேசைக்குக் குறுக்கே நிறுத்தித் தேநீரை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயது இருக்கலாம். சட்டைப் பையில் இரண்டு பேனா.

"நான்தான் எழுதுனேன். மழையில லாரிக்கு முன்னாடி போய் நின்னேன். அவன் பிரேக் போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. எழுதக் கூடாதா?"

"எழுதலாம் ஐயா. ஆனால் தினமும் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் பதினாறு படம் இருக்கிறது, பாதை காலியாக."

படங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்பதாம் படத்தில் தன் முதுகைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "இவ்ளோ கூனா இருக்கேன்?" என்றார். பிறகு எல்லாவற்றையும் தட்டி அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"காலியாத்தான் இருக்கும். மறிச்சிக்கிட்டு நிக்கிறவங்க கேமராவுக்குப் பின்னாடி நின்னா எப்படிப் படத்துல வருவாங்க?"

எனக்குப் புரியவில்லை.

"நான் எட்டு இருபத்தஞ்சுக்கு வருவேன். நீங்க மூணு கால விரிச்சி வச்சிக்கிட்டு நோட்டுல எழுதிக்கிட்டு இருப்பீங்க. உங்க பின்னாடி நிப்பேன். நீங்க டிக்குன்னு ஒண்ணு எடுத்து, மடக்குனதும் போவேன். தினமும் அஞ்சு நிமிசம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நகர்ந்திருப்பேனே."

"எப்படிம்மா சொல்றது? கேமரா, நோட்டு, ஒரே டயம். அரசாங்கத்து ஆளுன்னு நெனச்சேன். அளக்க வந்திருக்காங்க, நமக்கு நல்லதுதான்னு நின்னேன். அன்னைக்கு மழையில பாத்தா, அரசாங்கத்து ஆளே வாளிய வெளியில தள்ள விட்டுட்டு அந்த எடத்துல நின்னு படம் எடுக்குது. வந்துச்சு கோவம். உங்க மேல எழுத முடியுமா? கடை நம்பரப் போட்டு எழுதிட்டேன்."

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். நான் என் காபியைத் தொடவில்லை. எட்டு நாள் படத்தில் வராமல் என் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நின்றிருக்கிறார், அதற்குப் பிறகும் பதினொரு நாள் நின்றிருக்கிறார். குறிப்பேட்டில் போகிறவர்கள் எல்லாரும் இருந்தார்கள். காத்திருந்தவர் இல்லை.

இருபத்தோராம் நாள் முக்காலியை வீட்டிலேயே வைத்துவிட்டு, தூணை ஒட்டிச் சாய்ந்து நின்று கையால் எடுத்தேன். படம் சற்றே ஆடியிருக்கிறது. எட்டு இருபத்தைந்துக்கு நாற்காலி பின்னாலிருந்து வந்தது. கோவிந்தராஜு தலையை ஆட்டிவிட்டுக் கடந்தார்.

அன்று பிற்பகல் ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதினேன். நான் யார், எங்கே நின்றேன், முக்காலியின் கால்கள் எவ்வளவு அகலம், ஒன்பதாம் நாள் வாளிகள் ஏன் வெளியே வந்தன, பாதையைத் தினமும் மறித்தது எது. வசந்தா அதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தாள். நடுவில் ஒருமுறை நிறுத்தி, "இதுல உன்னைப் பத்தியே தான் இருக்கு" என்றாள். மறுநாள் காலை அதைப் படித்துவிட்டு லெட்சுமி கேட்டார்: "அப்படின்னா இந்த லெட்டர் உங்களுக்கு வர வேண்டியதா அக்கா?"

"அப்படித்தான் நினைக்கிறேன்."

"சரி. ஆனா உங்ககிட்ட ரத்து பண்றதுக்கு என்னா இருக்கு?" என்று சிரித்தார். ஐந்து நாளில் முதல் சிரிப்பு. படங்கள் எல்லாவற்றையும், ஒன்பதாவதையும் சேர்த்து, விளக்கத்தோடு அவரே உறையில் போட்டார். எண்ணிப் பார்க்கவில்லை.

இருபத்துநான்காம் நாள், சொல்லியனுப்பியிருந்தபடி அதிகாரி வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு சீனப் பெண், கையில் அளவு நாடாவும் என் படங்களும். ஆங்கிலத்தில் பேசினார், மெதுவாக, எனக்காக.

"முதலில் ஒரு சந்தேகம். எல்லாப் படங்களிலும் நேரம் காலை ஆறு மணி என்று இருக்கிறது. விளக்கத்தில் எட்டரை என்கிறீர்கள்."

கேமராவின் கடிகாரத்தை நான் மாற்றவில்லை. எங்கள் நிலையத்தில் கருவியின் கடிகாரத்தை யாரும் தொடக்கூடாது. இந்திய நேரம் ஆறு என்றால் இங்கே எட்டரை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. லெட்சுமி குறுக்கே வந்தார்.

"மிஸ், ஆறு மணிக்கு இங்க இருட்டு. படத்துல வெயில் அடிக்குது பாருங்க. ஆறு மணிக்கு நான் பூவே எறக்கல."

அதிகாரி ஒரு படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு என்னை வழக்கமான இடத்தில் நிற்கச் சொன்னார். நின்றேன். அன்று முக்காலியையும் கொண்டு வந்திருந்தேன், அவர் கேட்கக்கூடும் என்று. விரிக்கச் சொன்னார். தூணிலிருந்து முக்காலியின் கடைசிக் கால்வரை அளந்தார், அங்கிருந்து மஞ்சள் கோடுவரை அளந்தார். மிச்சமிருந்த வழியில் ஒருவர் பக்கவாட்டில் திரும்பித்தான் போக முடியும்.

எட்டு இருபத்தைந்துக்கு வழக்கம்போல் கோவிந்தராஜு வந்து என் பின்னால் நின்றார். அதிகாரி அவரிடம் போனார்.

"நீங்கள்தான் எழுதினீர்களா?"

"ஆமா."

"வாளிகள் தினமும் வெளியில் இருந்தனவா?"

"வாளி ஒரு நாள்தான்" என்றார் கோவிந்தராஜு. "இவங்க தினமும். ஆனா மிஸ், மழ பேஞ்சா நாளைக்கும் வாளி வெளிய வருமோன்னு எனக்கு தினமும் பயம் இருக்கு. அதையும் எழுதிக்கோங்க."

அதையும் எழுதிக்கொண்டார். அதிகாரி நாடாவைச் சுருட்டியதும் லெட்சுமி கோவிந்தராஜுவிடம், "இனிமே மழன்னாலும் வராது அங்கிள்" என்றார். "நனையறவங்க நனையட்டும்." என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

கிளம்பும்முன் அதிகாரி படங்களை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "இதுவரை நான் பார்த்த சாட்சியங்களிலேயே மிகத் துல்லியமானது இது. எடுத்தவர் நின்ற இடத்தைத் தவிர" என்றார். பாராட்டா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைய படத்தை எடுக்க மறந்துவிட்டேன். நினைவு வந்தபோது எட்டு நாற்பத்தேழு. ஓர் அரை நிமிடம் யோசித்து, எடுத்தேன். நேரத்தை உள்ளபடி எழுதினேன்.

அடுத்த இரண்டு நாளும் பதில் இல்லை. லெட்சுமி வழக்கம்போல் கடை திறந்தார், வாளிகளைக் கோட்டிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளியே வைத்தார். பட்டையில் பாதிதான் பூ. "பழகிக்கணும்ல" என்றார். வாடிக்கையாளர் ஒருவர் கடை சின்னதாகிவிட்டதா என்று கேட்டதற்கு, "டயட்ல இருக்கு" என்றார்.

இருபத்தேழாம் நாள் லெட்சுமியின் கைப்பேசியில் பதில் வந்தது. கண்ணாடி இல்லை என்று சொல்லி என்னிடம் கொடுத்தார். கண்ணாடி அவர் தலைமேல் இருந்தது. படித்துச் சொன்னேன். ஒரு நாள் மீறலுக்கு மூன்றாவது எச்சரிக்கை பதிவாகிறது. தினசரி இடையூறு கடையால் ஏற்பட்டதல்ல என்பதால் அனுமதி தொடரும். நடைபாதையில் படப்பிடிப்புக் கருவிகளை வைக்கவிடாமல் பார்த்துக்கொள்வது கடைக்காரரின் பொறுப்பு.

கடைசி வரியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு எழுந்து உள்ளே போனார். குழாயைத் திறந்து முகம் கழுவும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. வெளியே வந்தபோது முந்தானையால் துடைத்துக்கொண்டே, "கேட்டீங்கள்ல? பொறுப்பு என்னுதாம்" என்றார். "நாளைக்கு எதிர்ப்பக்கம் போய் நில்லுங்க அக்கா."

"இடம் மாறினால் வரிசை கெட்டுவிடும்."

"கெடட்டும் லா."

இருபத்தெட்டாம் நாள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றேன். அங்கே நடைபாதை அகலம், யாருக்கும் இடையூறு இல்லை, பின்னால் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். இருபத்தேழு நாளும் நான் பார்க்காத கோணம். கடையின் நெற்றியில் பெயர்ப் பலகை இருப்பதே அன்றுதான் தெரிந்தது. வெயில். மேகம் இல்லை. லெட்சுமி பட்டை முழுக்கப் பூ வைத்திருந்தார், வாளிகள் கோட்டைத் தொட்டும் தொடாமலும்.

எட்டு இருபத்தைந்துக்குக் கோவிந்தராஜு அஞ்சடியின் கோடியில் தெரிந்தார். மூன்றாம் தூணை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்தார், பழக்கத்தால் இருக்கலாம். லெட்சுமி நாரைப் பல்லில் கடித்தபடி, போங்க என்று கையைக் காட்டினார். எட்டரைக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. கேமரா கையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. சக்கர நாற்காலி தூணையும் பூக்கடையையும் கடந்து, சாலையில் இறங்காமல், நிற்காமல் போய்க் கோடியில் திரும்பியது.

எட்டரைக்கு எடுத்த படத்தில் அஞ்சடி காலியாக இருக்கிறது.